அழித்துச் செய்யும் முன்

ஒரு சுவரொட்டியின் ஆயுள் அதில் அச்சிட்ட கடைசித் தேதி வரைதான். அது கடந்ததும் மழையில் ஊறும், காற்றில் கிழியும், இல்லாவிட்டால் அதன்மேலேயே வேறொன்றை ஒட்டிவிடுவார்கள். அப்படி அழிய வேண்டிய காகிதத்தை யாரோ ஒருவர் சுருட்டி எடுத்துவைத்துவிட்டால், அது தலைமுறை தாண்டியும் பேசுகிறது. பாரிஸில் சீன் நதிக்கரையின் மதில்மேல் பச்சை நிறப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பழைய புத்தகம், அஞ்சலட்டை, பழைய கண்காட்சிச் சுவரொட்டி எல்லாம் அங்கே விற்பார்கள். மகளைப் பார்க்கப் போனபோது அந்தக் கரையில் நடந்திருக்கிறேன். 1962-இல் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ‘பிரெஞ்சு நகைக்கலையின் பத்து நூற்றாண்டுகள்’ என்ற கண்காட்சி நடந்ததை அங்கே பார்த்த ஒரு சுவரொட்டியால்தான் அறிந்தேன். பெயர், இடம், ஆண்டு என்று மூன்று வரிக்கு மேல் ஒரு சுவரொட்டி என்ன சொல்லிவிடும்? அந்த மூன்று வரிக்குப் பின்னால் இருந்ததைப் பிறகு தேடிப் படித்தேன். வீட்டில் பழைய நகை வைத்திருக்கும் இளையவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்தக் கண்காட்சிக்காக அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஹோப் வைரத்தை ஒரு மாதத்துக்கு அனுப்பிவைத்தது. 45.52 காரட் எடையுள்ள நீலக் கல் அது. லூவ்ரில் ஏற்கெனவே ரீஜன்ட் என்ற வெள்ளை வைரம் இருந்தது, எடை 140.64 காரட். இரண்டுமே நம் கோல்கொண்டா பகுதியின் சுரங்கங்களில், கிருஷ்ணா நதிப் பக்கத்தில் வெட்டியெடுத்த கற்கள். இரண்டும் ஒரு காலத்தில் பிரெஞ்சு அரசக் கருவூலத்தில் ஒன்றாக இருந்தவை. 1792-இல் பிரிந்தவை, 170 ஆண்டுகள் கழித்து லூவ்ரின் கூரையின் கீழ் ஒரு மாதம் சேர்ந்திருந்தன.

ரீஜன்ட் வைரம் பாரிஸுக்குப் போன வழியில் நம் சென்னை இருக்கிறது. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். 1701-இல் ஜம்சந்த் என்ற வைர வணிகர் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத கல்லை அவரிடம் கொண்டுவந்தார். கேட்ட விலை இரண்டு லட்சம் வராகன். பேரம் மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் 48,000 வராகனில் முடிந்தது. மறு ஆண்டே தம் மகனிடம் கொடுத்துக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார் பிட். பட்டை தீட்டவே இரண்டு ஆண்டு பிடித்தது. அதன்பிறகும் வாங்க ஆளில்லை. இதற்கிடையில், கல்லை அவர் முறைகேடாக அபகரித்தார் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. தாயகம் திரும்பும் வழியில், 1710-இல், தாம் அதை எப்படி வாங்கினோம் என்று விவரமாக எழுதிக் கையொப்பமிட்டு வைத்தார். இன்று ஜம்சந்தின் பெயரும் பேரம் நடந்த விதமும் நமக்குத் தெரிகிறதென்றால் அந்தக் காகிதத்தால்தான். 1717-இல், சிறுவனாக இருந்த பதினைந்தாம் லூயிக்காக ஆட்சி நடத்திய ஆர்லியன் கோமகன் அதை 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். ஆட்சிப் பொறுப்பாளர் என்ற அவருடைய பதவிப் பெயரே கல்லுக்கும் நிலைத்துவிட்டது.

நீலக் கல்லை இந்தியாவிலிருந்து கொண்டுபோனவர் தவர்னியே என்ற பிரெஞ்சு வணிகர். 1668-இல் பதினான்காம் லூயிக்கு விற்றார். அரசர் அதைப் புதிதாகப் பட்டை தீட்டச் செய்தார். 1792 செப்டம்பரில், புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, அரச நகைகள் இருந்த கட்டடத்தின் மாடிக்குத் திருடர்கள் ஏறினார்கள். ஓர் இரவு அல்ல, அடுத்தடுத்துப் பல இரவுகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். காவல் அவ்வளவு லட்சணமாக இருந்தது. ரீஜன்ட் வைரம் ஓராண்டுக்குப் பிறகு பாரிஸில் ஒரு பரணில் கிடைத்தது. நீலக் கல் கிடைக்கவே இல்லை. பிறகு லண்டனில் அதைவிடச் சிறிய நீல வைரம் ஒன்று வெளிப்பட்டது. அதுதான் ஹோப். திருடிய கல்லை அடையாளம் தெரியாதபடி வெட்டிச் சிறிதாக்கிவிட்டார்கள் என்று பலரும் நினைத்தார்கள், நிரூபிக்க வழியில்லை.

அந்த வழி 2007-இல் திறந்தது. பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகச் சேகரிப்பில் ஈயத்தில் வார்த்த ஒரு சிறு உருவம் கண்ணில் பட்டது. தொலைந்துபோன நீலக் கல்லின் அச்சு அசலான பிரதி அது. அதை அளந்து, ஹோப் வைரத்தோடு ஒப்பிட்டு, இதிலிருந்துதான் அது வெட்டப்பட்டது என்று நிறுவினார்கள். விலைமதிப்பற்ற கல்லின் பிறப்பைச் சொல்ல, சல்லிக்காசு பெறாத ஈயம் சாட்சிக்கு வந்தது. இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

பிரெஞ்சு அரச நகைகளுக்கு ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. 1530-இல் முதலாம் பிரான்சுவா எட்டு நகைகளைத் தனியே ஒதுக்கினார். இவை எந்த அரசனுடைய சொந்தச் சொத்தும் அல்ல, அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு உரியவை, விற்கக்கூடாது, யாருக்கும் தானமாகக் கொடுக்கக்கூடாது என்று ஆணையிட்டார். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் எடையும் உருவமும் எழுதிவைத்ததோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எட்டில் இன்று மிச்சமிருப்பது ஒன்றுதான்: பறவைநாகம் போலச் செதுக்கிய ஒரு சிவப்புக் கல். ஆனால் அந்த ஆணையின் மனம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஒரு நாட்டையே ஆண்டவர், தம் கழுத்தில் கிடப்பது தமக்குச் சொந்தமில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நம் வீடுகளில் மாமியார் மருமகளுக்குப் போட்ட சங்கிலியைப் பற்றி இந்தத் தெளிவு எத்தனை பேருக்கு இருக்கிறது?

அந்த ஆணையை மீறியது திருடர்கள் மட்டுமல்ல. 1887 மே மாதம் பிரெஞ்சுக் குடியரசே அரச நகைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. பசி பட்டினி எதுவுமில்லை. முடியாட்சி திரும்பி வந்துவிடுமோ என்ற அச்சம். நகை இல்லாவிட்டால் அரசனும் வரமாட்டான் என்ற எண்ணம். ரீஜன்ட் முதலான சிலவற்றை மட்டும் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் விற்றார்கள். பல நகைகளைப் பிரித்துப் பிரித்து விற்றார்கள். அதிகம் வாங்கியது அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனி. வந்த பணம் சுமார் 72 லட்சம் பிராங்க். முந்நூற்றைம்பது ஆண்டு சேர்த்தது இரண்டு வாரத்துக்குள் உலகம் முழுவதும் சிதறிப்போனது. அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், விற்கும் முன் அவற்றைப் படமெடுத்து வைத்தது.

அரசியல் காரணம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கும். அது தவறான முடிவு என்பதே என் தீர்ப்பு. ஏனென்றால் அதன்பின் நூறு ஆண்டுக்கும் மேலாக அதே நாடு அதே நகைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியின் முத்து முடியணியை 1887-இல் விற்றார்கள். ஒரு ஜெர்மன் பிரபுக் குடும்பத்துக்குப் போயிற்று. லூவ்ரின் நண்பர்கள் சங்கம் 1992-இல் வாங்கித் தந்தது. அதே பேரரசியின் முடிச்சு வடிவ வைரப் பதக்கம் 1887-இல் 42,200 பிராங்குக்குப் போனது. நியூயார்க் சீமாட்டி ஒருவர் அணிந்து, பல கை மாறி, 2008-இல் லூவ்ர் அதை 67 லட்சம் யூரோவுக்கும் மேல் கொடுத்து மீட்டது. விற்பதற்கு ஒரு சுத்தியல் தட்டு போதும். மீட்பதற்கு நான்கு தலைமுறை.

மீட்க முடியாமலே போனதும் உண்டு. 1810-இல் நெப்போலியன் தம் இரண்டாம் மனைவி மரி லூயீஸுக்கு மரகதமும் வைரமும் பதித்த ஒரு முழுத் தொகுதியைத் திருமணப் பரிசாகக் கொடுத்தார்: முடியணி, கழுத்தணி, காதணி, சீப்பு. அது குடும்ப வழியில் இறங்கி வந்தது. 1953-இல் புகழ்பெற்ற ஒரு பாரிஸ் நகை நிறுவனம் முடியணியை வாங்கி, அதிலிருந்த 79 மரகதங்களையும் கழற்றித் தனித்தனி நகைகளில் பதித்து விற்றது. நெப்போலியன் கொடுத்த முடியணியின் மரகதம் என்று சொல்லியே விற்றார்கள். காலியான குழிகளில் பாரசீகத்து நீலப்பச்சைக் கற்களைப் பதித்தார்கள். அந்தப் புதுக் கற்களோடுதான் அதே 1962-இல் அது லூவ்ருக்கு வந்து, தன்னுடன் பிறந்த கழுத்தணிக்கும் காதணிக்கும் பக்கத்தில் இருந்தது. இன்று வாஷிங்டனில் இருக்கிறது. படத்தில் பார்த்தாலும் அழகுதான். ஆனால் அந்த 79 கற்களை இனி யாராலும் ஒன்றுசேர்க்க முடியாது.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஆச்சியின் காதுதான் நினைவுக்கு வருகிறது.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஆச்சிமார் காதில் பாம்படம் தொங்கும். சின்ன வயதிலேயே காது குத்தி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, தோளைத் தொடும்வரை காதை வளர்ப்பார்கள். பாம்படம், தண்டட்டி, முடிச்சு, பூச்சிக்கூடு என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் காதில் இடமும் உண்டு. மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. உருண்டையும் கட்டமும் கூர்முனையும் சேர்ந்த அந்த அமைப்பை இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்கு போட்டுக் காட்டுகின்றன. எங்கள் தெருவில் அது சாதாரணம். கோழிக்குத் தவிடு வைக்கும்போதும் ஆச்சியின் காதில் அது ஆடிக்கொண்டிருக்கும்.

பிறகு காலம் மாறியது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு வளர்த்த காது வெட்கமாயிற்று. எத்தனையோ பெண்கள் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். ஆச்சி கண்மூடியதும் பெரியம்மா, அம்மா, சித்தி மூவரும் கலந்து பேசி, பாம்படத்தை ஆசாரியிடம் கொடுத்து அழித்தார்கள். அரக்கை உருக்கி எடுத்தபின் நின்ற தங்கம் கொஞ்சம்தான். ஆளுக்கு ஒரு ஜோடி கம்மல் தேறிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூவரும் தாய்மேல் உயிராக இருந்தவர்கள். சரிசமமாகப் பங்கு பிரிய வேண்டும், மனக்கசப்பு வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அந்தக் கம்மல்களும் பின்னால் அழிந்து வேறு வேறாகிவிட்டன. பாம்படம் அணிந்த ஆச்சியைக் காட்டுவதற்கு ஒரு ஸ்டூடியோ படம் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் என் பேத்திக்கு நான் சொல்வது கதையாகவே தோன்றும்.

அம்மா அதன்பிறகு ஒரு காரியம் செய்தார். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் தம் நகைகளை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். எத்தனை பவுன், எந்த ஆசாரி செய்தது, யார் போட்டது, எந்த நாளில். தலைப்பிள்ளை பிறந்தபோது மதினி போட்ட வளையல். நெல் விற்ற பணத்தில் அப்பா செய்துகொடுத்த அட்டிகை. வீட்டில் ஒரு பெரிய வைத்தியச் செலவு வந்தபோது இரண்டு வளையலை விற்றார்கள். அதையும் அம்மா அந்த நோட்டில் எழுதினார், இன்ன தேதியில், இன்ன காரியத்துக்கு என்று. வருத்தம் தொனிக்கும் ஒரு சொல்கூட அதில் இல்லை. பிரெஞ்சு அரசர் ஆணையிட்டுச் செய்ததை, பத்தாம் வகுப்பைத் தாண்டாத எங்கள் அம்மா தாமாகவே செய்தார். அந்த நோட்டு இருந்ததால்தான் அம்மாவுக்குப் பின் எங்கள் வீட்டில் நகைக்காக ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. யாருக்கு எது என்பதைவிட, எது எப்படி வந்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான் காரணம்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தங்கம் நம் வீடுகளில் ஆபத்துக்குக் கைகொடுக்கத்தான் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கு, மருத்துவமனைக்கு, கடனில் மூழ்கும் வீட்டைக் காப்பாற்ற, கழற்றிக் கொடுக்கும் கை மரியாதைக்குரிய கை. அடகுக்கடைப் படி ஏறாத குடும்பம் நம்மில் எத்தனை? எனக்கு வலிப்பது வேறொன்று. ‘பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை வாங்கிச் செல்லுங்கள்’ என்று திருவிழா மாதங்களில் விளம்பரம் வருகிறதே, அதைப் பார்த்துவிட்டுப் பாட்டியின் கெம்பு அட்டிகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது. கடையில் கெம்புக்கு மதிப்பில்லை. கற்களைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அழுக்கு, பொடி, மெழுகு என்று எடையில் கழிப்பார்கள். புதியதற்குச் செய்கூலி, சேதாரம் தனி. ஓர் ஆசாரி மாதக்கணக்கில் குந்தியிருந்து கையால் செய்த வேலைப்பாடு அரை மணி நேரத்தில் உருகி, எந்திரத்தில் அச்சடித்த சங்கிலியாக வெளியே வருகிறது. இதே மாதிரிச் சங்கிலி அடுத்த வீட்டிலும் இருக்கும். அட்டிகை வேறெங்கும் இருக்காது.

பூட்டிவைத்தால் போதுமா என்றால், அதற்கும் லூவ்ரே பதில் சொல்லிவிட்டது. 2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் சாமான் ஏற்றும் ஏணி வண்டியை நிறுத்தி, மாடி முகப்பில் ஏறி, சன்னலை அறுத்துக்கொண்டு திருடர்கள் உள்ளே போனார்கள். சில நிமிடம்தான். எட்டு நகைகள் போயின. 1992-இல் மீண்டுவந்த முத்து முடியணி, 2008-இல் மீட்ட முடிச்சுப் பதக்கம், நெப்போலியன் மரி லூயீஸுக்குக் கொடுத்த தொகுதியின் மரகதக் கழுத்தணியும் காதணியும் அந்த எட்டில் இருந்தன. யூஜெனியின் கிரீடத்தை ஓடும்போது கீழே போட்டு நசுக்கிவிட்டார்கள். மதிப்பு 8 கோடியே 80 லட்சம் யூரோ என்று கணக்கிட்ட அரசு வழக்கறிஞர், வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பு இந்தக் கணக்கில் வராது என்றும் சொன்னார். ரீஜன்ட் வைரம் தப்பியது. செய்தி வந்த அன்று நகை அறிந்தவர்கள் எல்லாரும் அஞ்சியது ஒன்றுக்குத்தான்: கற்களைப் பிடுங்கி, தங்கத்தை உருக்கி, தனித்தனியாக விற்றுவிடுவார்களே என்று. 1792-இல் திருட்டுப்போன நீலக் கல்லுக்கு நடந்தது அதுதான். 1953-க்குப் பிறகு மரி லூயீஸின் முடியணிக்கு, திருட்டு எதுவுமில்லாமல், சட்டப்படி நடந்ததும் அதுதான். ஒரு பொருளின் விலையை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு, அதைச் செய்த கையும் அணிந்த ஆளும் தெரிவதில்லை. திருடனாக இருந்தாலும் சரி, வியாபாரியாக இருந்தாலும் சரி, வாரிசாக இருந்தாலும் சரி.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயதான பெண்மணி ஒருவர் இருந்தால், இந்த மாதமே ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வங்கிப் பெட்டகத்தில் இருந்தால் ஒரு நாளைக்கு எடுத்துவந்து அவர் கையில் கொடுங்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஆசாரி பெயர், ஊர், போட்டவர் பெயர், எந்தக் கல்யாணம், எந்தப் பிள்ளைப்பேறு, எதை எப்போது விற்றார்கள், எதற்காக விற்றார்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகையையும் முன்புறமும் பின்புறமும் படமெடுங்கள்; திருகும் கொக்கியும் தெரியட்டும், ஆசாரியின் கை அங்கேதான் தெரியும். அவர் அணிந்தபடியும் ஒரு படம் எடுங்கள். படங்களைக் கைபேசியோடு விட்டுவிடாமல் அச்செடுத்துப் பின்பக்கம் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு அணிவதா, பிரிப்பதா, விற்பதா என்பது உங்கள் குடும்பத்தின் விருப்பம். எழுதியதில் ஒரு பிரதியை மகனிடமும் ஒரு பிரதியை மகளிடமும் கொடுத்துவையுங்கள்.